ஊக்கத்தொகைக்காக நடப்புக் கணக்கை மாற்றுதல்: பிரித்தானிய நடைமுறை

பிரித்தானியாவில் தம் நடப்புக் கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு முழுமையாக மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளருக்குப் புதிய வங்கி ஒரு தொகையை, பெரும்பாலும் 100 முதல் 200 பவுண்டு வரை, கணக்கில் வரவு வைப்பது நெடுநாளாக இருந்துவரும் வழக்கமாகும். நடப்புக் கணக்கு என்று இங்கே குறிப்பிடப்படுவது தமிழ்நாட்டில் வணிகர்கள் வைத்திருக்கும் கணக்கைப் போன்றதன்று. சம்பளம் வந்து சேரவும், வாடகையும் மின்கட்டணமும் கவுன்சில் வரியும் வெளியே போகவும், டெபிட் கார்டு கொண்டு அன்றாடச் செலவு செய்யவும் அந்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் வைத்திருக்கும் பொதுக் கணக்கையே அது குறிக்கிறது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு முழுவதும் இந்தக் கணக்கை நம்பியே நடப்பதால், அதை இடம்மாற்றுவதில் தயக்கம் இருப்பது இயல்பு. அந்தத் தயக்கத்தில் எவ்வளவு நியாயமானது, எவ்வளவு பழைய அனுபவங்களின் எச்சம் என்று பிரித்தறிவதும், ஊக்கத்தொகையின் நிபந்தனைகளை ஓர் ஒப்பந்தத்தை வாசிப்பது போல வரிவரியாக வாசிப்பதுமே இதில் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதி.

வங்கி எதற்காகப் பணம் தருகிறது

கணக்கில் பணம் இருக்கும்வரை மாதக் கட்டணம் எதுவும் வாங்காமல் நடப்புக் கணக்கை இலவசமாக நடத்தித்தரும் முறையை மிட்லண்ட் வங்கி 1984இல் கொண்டுவந்தது. ஏனைய பெரிய வங்கிகளும் விரைவில் அதைப் பின்பற்றின. கட்டணம் இல்லாததால் வாடிக்கையாளருக்குத் தம் கணக்கின் உண்மையான விலை கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வட்டியின்றியோ மிகக் குறைந்த வட்டியிலோ கிடக்கும் பணத்தை வங்கி வேறிடத்தில் ஈடுபடுத்தி வருவாய் ஈட்டுகிறது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிவிகிதம் 5.25 விழுக்காடாக இருந்த 2023–24 காலத்தில், வட்டியில்லாத ஒரு கணக்கில் சராசரியாக 2,000 பவுண்டு கிடந்தால், அதை மத்திய வங்கியில் போட்டு வைத்தாலே ஆண்டுக்கு 105 பவுண்டு வட்டி கிடைத்திருக்கும். அந்தக் கணக்கின்படி 200 பவுண்டு ஊக்கத்தொகை இரண்டு ஆண்டுகளுக்குள் வங்கிக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் அந்த வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய வீட்டுக்கடனும், கடன் அட்டையும், காப்பீடும் மேல்வருமானம்.

இதற்கு அடியில் இருப்பது மனிதரின் அசையாமை. பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட சில்லறை வங்கித்துறை ஆய்வு, தனிநபர் வாடிக்கையாளர்களில் ஓர் ஆண்டில் 3 விழுக்காட்டினர் மட்டுமே வங்கி மாறுகிறார்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே வங்கியில் இருக்கிறார்கள் என்றும் கண்டது. ஒருமுறை வந்தவர் எளிதில் போகமாட்டார் என்ற உறுதியே, வருபவருக்கு முன்பணம் போலக் கொடுக்க வங்கிகளுக்குத் துணிவைத் தருகிறது. அடிப்படை வட்டி 0.1 விழுக்காட்டுக்கு இறங்கிய 2020ஆம் ஆண்டில் வைப்புப் பணத்தால் வங்கிக்குப் பெரிய ஆதாயம் இல்லாமல் போனபோது இச்சலுகைகளும் பெரும்பாலும் மறைந்தன. வட்டி ஏறிய 2022, 2023 ஆண்டுகளில் நேஷன்வைட், நாட்வெஸ்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் 200 பவுண்டு வரை அறிவித்துப் போட்டியிட்டன. ஆகவே சலுகை இல்லாத மாதங்களில் அவசரப்பட்டு மாறுவதைவிட, பல வங்கிகள் ஒரே நேரத்தில் போட்டிபோடும் பருவத்துக்குக் காத்திருப்பது அறிவுடைமை.

மாற்றுச் சேவை சுமப்பதும் சுமக்காததும்

2008 நிதி நெருக்கடிக்குப் பின் அரசு 2010இல் அமைத்த, சர் ஜான் விக்கர்ஸ் தலைமையிலான சுதந்திர வங்கி ஆணையம், 2011 செப்டம்பரில் அளித்த இறுதி அறிக்கையில் கணக்கு மாற்றத்தை எளிதாக்கும் பொதுச் சேவை ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் விளைவாக 2013 செப்டம்பரில் தொடங்கப்பட்டதே நடப்புக் கணக்கு மாற்றுச் சேவை. இன்று பே.யூகே என்னும் அமைப்பு நடத்தும் இச்சேவையில் ஏறக்குறைய எல்லாப் பெரிய வங்கிகளும், பில்டிங் சொசைட்டி எனப்படும் கட்டடச் சங்கங்களும் பங்குகொள்கின்றன. தனிநபர் கணக்குகள் மட்டுமன்றி, ஆண்டு விற்றுமுதல் 65 லட்சம் பவுண்டைத் தாண்டாத, 50 பேருக்குக் குறைவாகப் பணியமர்த்தும் சிறு வணிகங்களின் கணக்குகளும் இதில் அடங்கும் என்பதைக் கடை நடத்துவோர் அறிந்திருப்பது நல்லது.

சேவையின் நடைமுறை எளியது. வாடிக்கையாளர் புதிய வங்கியிடம் மட்டுமே பேச வேண்டும். பழைய வங்கிக்குப் போய் விடைபெற வேண்டியதில்லை. கணக்கு திறக்கும்போதோ திறந்த பின்னரோ, பழைய கணக்கின் ஆறிலக்கக் கிளைக் குறியீடான சார்ட் கோடையும் எட்டிலக்கக் கணக்கு எண்ணையும் டெபிட் கார்டு விவரத்தையும் கொடுத்து, மாற்றம் நிறைவேற வேண்டிய நாளைக் குறித்தால், ஏழு வேலைநாள்களில் எல்லாம் முடிந்துவிடும். வேலைநாள் என்பதில் சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாள்கள் சேரா. எனவே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் நாள்கணக்கைத் தாராளமாகப் போட வேண்டும். குறித்த நாளில் பழைய கணக்கிலுள்ள மீதிப் பணம் புதியதற்கு வந்து சேர, பழைய கணக்கு தானாகவே மூடப்படும்.

இந்த ஏழு நாள்களுக்குள் இரண்டு வகைக் கட்டளைகள் இடம்பெயர்கின்றன. ஒன்று டைரக்ட் டெபிட். அதாவது மின் நிறுவனமோ கைப்பேசி நிறுவனமோ வாடிக்கையாளரின் முன்னனுமதியோடு, தானே தொகையைக் கணித்துக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மற்றொன்று ஸ்டாண்டிங் ஆர்டர். வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பும் மாதத் தொகை போன்ற ஒரே அளவான பணத்தைக் குறிப்பிட்ட நாளில் அனுப்பும்படி வாடிக்கையாளரே வங்கிக்கு இட்டு வைக்கும் கட்டளை. இவ்விரண்டோடு, பணம் பெறுவோர் பட்டியலும் புதிய வங்கிக்கு வந்துவிடும். பழைய எண்ணுக்கே யாராவது சம்பளமோ வேறு பணமோ அனுப்பினால், அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் புதிய கணக்குக்குத் திருப்பிவிடப்படும். அனுப்பியவருக்கும் புதிய எண் தெரிவிக்கப்படும். இடையில் ஏதேனும் பிழை நேர்ந்து அதனால் அபராதமோ வட்டியிழப்போ ஏற்பட்டால், அதைப் புதிய வங்கி ஈடுசெய்யும் என்பதே மாற்று உத்தரவாதம் எனப்படுவது. பழைய காலத்தில் பல வாரங்கள் இழுபட்டு, வாடகை தவறி, அபராதம் கட்டி அலைந்தவர்களின் கதைகளால் உண்டான அச்சத்துக்கு இன்று இடமில்லை என்று சொல்வதற்கு இந்த உத்தரவாதமே அடிப்படை.

ஆயினும் உத்தரவாதத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவற்றில்தான் உண்மையான தொல்லைகள் பிறக்கின்றன. டெபிட் கார்டின் நீண்ட எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்த தொடர் கட்டணங்கள் எவையும் இடம்பெயர்வதில்லை. நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம், உடற்பயிற்சிக் கூடம், பிள்ளைகளின் இணைய வகுப்பு, லண்டன் போக்குவரத்தின் தானியங்கிக் கட்டணம் ஆகியவை வங்கிக் கூற்றறிக்கையில் டைரக்ட் டெபிட்டைப் போலவே மாதந்தோறும் தோன்றினாலும், அவற்றுக்கான அனுமதி கணக்கைச் சாராமல் கார்டைச் சார்ந்தது. கார்டு செயலிழந்ததும் அவையும் நின்றுவிடும். கேளிக்கைச் சேவை ஒன்று நின்றால் இழப்பு சிறிது; காரின் காப்பீட்டுத் தவணை இவ்வாறு கார்டு வழியே போய்க்கொண்டிருந்து, ஒருவருக்கும் தெரியாமல் நின்றுபோனால், காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டிய குற்றம் வரை அது கொண்டுபோய்விடக்கூடும். எனவே மாற்றத்துக்கு முன் கடந்த 12 மாதக் கூற்றறிக்கையை எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் கட்டணங்களும் தப்பாதபடி, கார்டு வழியே போகும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்து, புதிய கார்டு கைக்கு வந்த அன்றே அவற்றை மாற்றிவிட வேண்டும். இப்பணி ஒரு மாலைப்பொழுதைக் கோரும். முழு நடவடிக்கையிலும் தவிர்க்கவே கூடாத உழைப்பு இதுதான்.

சேமிப்புக் கணக்கும் ஐஎஸ்ஏ எனப்படும் வரிவிலக்குச் சேமிப்பும் தாமாக இடம்பெயர்வதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நடப்புக் கணக்கு உள்ளவருக்கு மட்டுமே தரப்படும் உயர்வட்டி மாதச் சேமிப்புத் திட்டங்கள். தாய்க்கணக்கு மூடப்பட்டால் அத்திட்டத்தை வங்கி முடித்துவிடலாம் என்பதால், முதிர்வு நாள் நெருங்கியிருந்தால் அதுவரை பொறுப்பது மேல். வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவோர், உதாரணமாகச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீட்டு வாடகையை வரவழைப்போர், திருப்பிவிடும் ஏற்பாட்டை நம்பியிராமல், ஐபான் எனப்படும் பன்னாட்டுக் கணக்கு எண் மாறிவிட்டதை அனுப்புவோருக்கு முன்னதாகவே தெரிவிப்பது பாதுகாப்பானது. பழைய இணைய வங்கிச் சேவை கணக்கு மூடப்பட்டதும் அடைபட்டுவிடுமாதலால், கிடைக்கும் அத்தனை ஆண்டுக் கூற்றறிக்கைகளையும் மாற்றத்துக்கு முதல் நாளே தரவிறக்கி வைக்க வேண்டும்.

பகுதி மாற்றம் என்றொரு வழியும் உண்டு. பழைய கணக்கை மூடாமல், தேர்ந்தெடுத்த சில கட்டளைகளை மட்டும் கொண்டுபோகும் அவ்வழிக்கு மேற்சொன்ன உத்தரவாதமும் இல்லை, பொதுவாக ஊக்கத்தொகையும் இல்லை. விண்ணப்பத்தில் முழு மாற்றம் என்பதைத் தவறாமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிபந்தனைகளை வாசித்தல்

ஊக்கத்தொகை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பெறும் வழி சிறிய எழுத்தில் இருக்கும். வங்கிக்கு வங்கி சொற்கள் மாறினாலும், கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதலாவது, தகுதி. ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அந்த வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருந்தவருக்கோ, முன்னர் அதனிடம் ஊக்கத்தொகை பெற்றவருக்கோ மீண்டும் தொகை கிடையாது என்ற விதி ஏறக்குறைய எல்லா அறிவிப்பிலும் இருக்கும். இங்கே வங்கி என்பது பெயர்ப்பலகையை மட்டும் குறிப்பதன்று. லாயிட்ஸ், ஹாலிபாக்ஸ், பேங்க் ஆப் ஸ்காட்லாந்து மூன்றும் ஒரே குழுமம். நாட்வெஸ்டும் ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்தும் ஒரே குழுமம். பர்ஸ்ட் டைரக்ட் எச்எஸ்பிசியின் பிரிவு. ஒரு குழுமத்துக்குள்ளேயே ஒரு கிளைப்பெயரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவோருக்குத் தொகை மறுக்கப்படுவது வழக்கம். ஆதலால் எந்த ஆண்டில் எந்த வங்கியிடம் எவ்வளவு பெற்றோம் என்ற குறிப்பேடு ஒன்றை வைத்திருப்பவரே பல ஆண்டுகளுக்கு இதைக் குழப்பமின்றித் தொடர முடியும். கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால் இருவரும் தனித்தனியே தகுதி பெறுவர். கூட்டுக் கணக்கை மாற்றினால் கணக்குக்கு ஒரு தொகைதான் என்பது பொதுவிதி. தனிக் கணக்கிலிருந்து கூட்டுக் கணக்குக்கு மாறலாம். கூட்டுக் கணக்கிலிருந்து ஒருவரின் தனிக் கணக்குக்கு இச்சேவை வழியே மாற இயலாது.

இரண்டாவது, வரவு. கணக்கு திறந்த 30 அல்லது 60 நாள்களுக்குள் 1,000 முதல் 1,500 பவுண்டு வரை செலுத்தப்பட வேண்டும் என்பர். இது சம்பளமாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிவிப்புகள் கோருவதில்லை. வேறொரு வங்கியிலுள்ள தம் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் போதும், அதே வங்கியின் உள்மாற்றமாக இருக்கக்கூடாது என்பதே வழக்கமான வரையறை. முழுத் தொகையும் ஒரே தவணையில் வர வேண்டுமா, பல வரவுகள் சேர்ந்து எட்டினால் போதுமா என்பதை நிபந்தனையில் தேடிப் பார்க்க வேண்டும். வாரக்கூலி பெறுவோருக்கும் பகுதிநேரப் பணியாளருக்கும் அந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானிக்கும். கையில் ஏற்கெனவே 1,500 பவுண்டு புரள்கிறவருக்கு எளிதாகவும், உண்மையில் அத்தொகை தேவைப்படுகிற எளியவருக்கு அரிதாகவும் இச்சலுகைகள் அமைந்திருப்பது நியாயமான ஏற்பாடன்று. எனினும் யுனிவர்சல் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகையும் வரவாகவே கணக்கில் விழுவதால், பல வரவுகளைக் கூட்டிக் கணக்கிடும் வங்கியைத் தேர்ந்தால், குறைந்த வருமானமுடையோரும் விலக்கப்பட்டவர் ஆகார்.

மூன்றாவது, டைரக்ட் டெபிட். பொதுவாக இரண்டு கேட்பர். அவை பழைய கணக்கிலிருந்து மாறி வந்தவையாக இருக்க வேண்டுமா, புதிய கணக்கில் புதிதாக அமைத்தாலும் போதுமா, ஒருமுறையாவது பணம் எடுக்கப்பட்டிருக்க வேண்டுமா என்பவை வங்கிதோறும் வேறுபடும். ஸ்டாண்டிங் ஆர்டரும் கார்டு வழித் தொடர் கட்டணமும் டைரக்ட் டெபிட் ஆகா. தொகை மறுக்கப்படுவதற்கு இந்தக் குழப்பமே அடிக்கடி காரணமாகிறது. கவுன்சில் வரி, தண்ணீர்க் கட்டணம், தொலைக்காட்சி உரிமம், கைப்பேசி ஒப்பந்தம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டைச் சொந்தப் பெயரில் டைரக்ட் டெபிட்டாக வைத்திருப்பவருக்கு இந்நிபந்தனை தடையாகாது. வேறு வழியில்லாதோர் தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் ஒன்றிரண்டு பவுண்டு அளிக்கும் டைரக்ட் டெபிட்டை அமைப்பதுண்டு. அவ்வாறு அமைப்போர் தொகை கிடைத்த மறுநாளே அதை நீக்குவது, பதிவுக்கும் கடிதத்துக்கும் அந்த நிறுவனம் செலவிட்டதைக்கூட மீட்கவிடாமல் செய்யும் செயல். ஓராண்டாவது தொடர முடியுமானால் மட்டுமே அவ்வழியை நாடுவது முறை.

இவற்றோடு கைப்பேசிச் செயலியில் ஒருமுறை நுழைதல், டெபிட் கார்டால் சில கொள்முதல்கள் செய்தல் போன்ற சிறு நிபந்தனைகளும் சேர்வதுண்டு. கெடு நாளுக்குள் எல்லாம் நிறைவேறியதா என்பதை வங்கி நினைவூட்டுவதில்லை. சலுகை முன்னறிவிப்பின்றி விலக்கிக்கொள்ளப்படலாம் என்றும், அதற்குள் மாற்றக் கோரிக்கை தொடங்கியிருந்தால் மட்டுமே தொகை கிடைக்கும் என்றும் விதிகளில் இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளிலேயே நிபந்தனைப் பக்கம் முழுவதையும் நாள்குறிப்போடு சேமித்து வைப்பது பின்னாளில் பெரிய துணை.

கட்டணமுள்ள கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும். மாதம் 3 பவுண்டு கட்டணம் சிறியதாகத் தோன்றும். ஆண்டுக்கு 36 பவுண்டு ஊக்கத்தொகையிலிருந்து கழிகிறது என்று கணக்கிட்டால்தான் அதன் அளவு புலப்படும். வரியைப் பொறுத்தமட்டில், சாதாரண வாடிக்கையாளர் ஒரு சேவையில் சேர்வதற்காக ஒருமுறை பெறும் ரொக்கத் தொகைக்கு வருமானவரி இல்லை என்பது பிரித்தானிய வருவாய்த்துறை 1997இல் வெளியிட்ட நடைமுறை அறிக்கையின் நிலைப்பாடு. மாதந்தோறும் தொடர்ந்து வரும் வெகுமதிகளுக்கு வேறு விதி பொருந்தலாம். அமெரிக்க வங்கிகள் தரும் இதே வகைத் தொகை அங்கே வட்டி வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுவதால், இரு நாட்டுச் செய்திகளையும் கலந்து படிப்போர் மயங்கக்கூடாது.

முதன்மைக் கணக்கை அசைக்க விரும்பாதோர் கையாளும் முறை ஒன்றுண்டு. சம்பளமும் வீட்டுச் செலவும் பழைய வங்கியிலேயே இருக்க, மான்சோ, ஸ்டார்லிங் போன்ற செயலி வங்கிகளில் அல்லது வேறெங்காவது இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, தேவையான இரண்டு டைரக்ட் டெபிட்டுகளை அதில் அமைத்து, சலுகை வரும்போது அந்த இரண்டாவது கணக்கை மட்டும் மாற்றுவது அம்முறை. மாற்றப்படும் கணக்கு முதன்மைக் கணக்காக இருக்க வேண்டும் என்று நிபந்தனையில் சொல்லப்படாதவரை இதில் தவறு ஏதுமில்லை. குடும்பத்தின் பணவோட்டத்தைத் தொடாமலே தொகையைப் பெற்றுத்தரும் இதுவே, சிறு குழந்தைகளும் வீட்டுக்கடனும் உள்ள குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமான வழி.

பெயரும் முகவரியும்

தமிழருக்கு இந்நடவடிக்கையில் தனியாக ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குடும்பப் பெயர் என்பது இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தையோ முழுப் பெயரையோ சேர்த்து எழுதும் வழக்கத்தால், ஒரே மனிதரின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு வரிசையிலும், பழைய வங்கியில் இன்னொரு வரிசையிலும், சம்பளச் சீட்டில் முதலெழுத்தோடும் இருப்பது சாதாரணம். இரு வங்கிகளிலும் உள்ள பெயரும் முகவரியும் பொருந்தாதபோது மாற்றக் கோரிக்கை தடைபட்டு, கெடு நாள் கடந்து, ஊக்கத்தொகை கைநழுவிப் போகக்கூடும். 2020 முதல் நடைமுறைக்கு வந்த, பணம் பெறுவோரின் பெயரை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடும் இதே காரணத்தால் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையை அனுப்புவோருக்குக் காட்டும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் பழைய வங்கியில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே திருத்தி, முகவரியையும் புதுப்பித்து, அதன்பின் அதே எழுத்துக்கூட்டலைப் புதிய வங்கியிடம் கொடுப்பது இன்றியமையாதது.

அடையாளச் சரிபார்ப்பில் வாக்காளர் பட்டியலும் பயன்படுகிறது. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகளாதலால், அந்நாட்டுக் குடிமக்கள் பிரித்தானியாவில் தங்கும் அனுமதி பெற்றிருந்தால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகக் குடியேறிய பலர் இவ்வுரிமையை அறிவதேயில்லை. பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும் எக்ஸ்பீரியன், எக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன்தகுதி நிறுவனங்களின் ஏட்டில் உறுதிப்படுவதால், புதிய கணக்கு மறுக்கப்படும் வாய்ப்பு குறைகிறது. வாக்குரிமை அதைவிடப் பெரிய பேறு என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மாறாமல் பொறுத்திருக்க வேண்டிய காலங்கள்

புதிய கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றைத் தேடிப் பார்க்கிறது. அத்தேடல் ஏட்டில் பதிவாகி, பிற கடன் கொடுப்போர் கண்ணுக்கும் படும். ஓராண்டில் ஓரிரு தேடல்கள் பெரிதாகப் பாதிப்பதில்லை. சில வாரங்களில் நாலைந்து சேர்ந்தால் பணத்துக்குத் தவிப்பவர் என்ற தோற்றம் உண்டாகும். நெடுங்காலக் கணக்கு மூடப்படுவதும் வரலாற்றின் சராசரி வயதைக் குறைக்கும். ஆறு மாதத்துக்குள் மோர்ட்கேஜ் எனப்படும் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், 200 பவுண்டுக்காக அதன் வட்டிவிகிதத்தைப் பணயம் வைக்கக்கூடாது.

மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்ளக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிப்போர் நிலையும் அத்தகையது. வேலை வருமானத்தைக் கொண்டு விண்ணப்பிப்பவர் வழக்கமாக ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், அச்சம்பளம் கணக்கில் வந்து சேர்ந்ததைக் காட்டும் ஆறு மாத வங்கிக் கூற்றறிக்கைகளையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு காட்ட வேண்டியிருப்பதால், இடையில் கணக்கு மாறினால் இரு வங்கிகளின் ஆவணங்களையும் திரட்டி விளக்க நேரும். அது முடியாத காரியமன்று; ஆனால் விசா விண்ணப்பத்தில் தேவையற்ற கேள்வி ஒன்றுக்கு இடம்கொடுப்பதைவிட, முடிவு வரும்வரை காத்திருப்பதே நன்று.

மூன்றாவது வகையினர் ஓவர்டிராப்டில், அதாவது கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுக்க வங்கி தரும் அனுமதிக் கடனில் வாழ்பவர்கள். நிதித்துறையை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையம் 2020 ஏப்ரலில் நிலையான கட்டணங்களை நீக்கி ஒற்றை வட்டிவிகிதமாக்கிய பிறகு, பெரிய வங்கிகள் பல 40 விழுக்காட்டை ஒட்டிய வட்டியை விதிக்கலாயின. ஓராண்டு முழுவதும் 500 பவுண்டு ஓவர்டிராப்டில் இருப்பவர் 39.9 விழுக்காட்டில் ஏறக்குறைய 200 பவுண்டு வட்டி கட்டுகிறார். பழைய வங்கியில் வட்டியில்லாத வரம்பு இருந்து புதிய வங்கியில் அது இல்லையானால், ஊக்கத்தொகை முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். மேலும் புதிய வங்கி அதே அளவு ஓவர்டிராப்டைத் தர ஒப்புக்கொள்ளாவிட்டால், பழைய கடனைத் தீர்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாகும். இவர்கள் தொகை பெரிய வங்கியைத் தேடாமல், வட்டியில்லாத வரம்பு பெரிதாக உள்ள வங்கியைத் தேடுவதே இலாபம்.

பிறர் பணத்தைக் கடத்தாதிருத்தல்

வரவு நிபந்தனையை நிறைவேற்ற உதவுவதாகச் சொல்லி, அறிமுகமானவரோ சமூக ஊடகத்தில் வந்தவரோ 1,500 பவுண்டை அனுப்பி, சிறு பங்கை வைத்துக்கொண்டு மீதியை வேறொரு எண்ணுக்கு அனுப்பும்படி கேட்பதுண்டு. புதிதாக வந்த மாணவர்களே இதற்கு அதிகம் இலக்காகிறார்கள். அந்தப் பணம் மோசடியில் பறிக்கப்பட்டதாக இருந்தால், தம் கணக்கை வாடகைக்கு விட்டவரும் பணக் கடத்தலில் பங்காளியாகிறார். மோசடித் தடுப்பு அமைப்பான சிபாஸின் ஏட்டில் அவர் பெயர் ஆறு ஆண்டுகள் நிற்கும். அந்த ஆறு ஆண்டுகளில் வங்கிக் கணக்கு, கைப்பேசி ஒப்பந்தம், கடன் ஆகியவை மறுக்கப்படுவதோடு, சில வேலைவாய்ப்புகளும் கைவிட்டுப்போகும். தம் பெயரிலோ தம் கணவர், மனைவி பெயரிலோ உள்ள கணக்குகளுக்கிடையே மட்டுமே பணத்தைச் சுழற்ற வேண்டும். கணவன், மனைவி தவிர வேறெவரின் பணமும் எவ்வளவு நெருக்கமான உறவானாலும் இந்நோக்கத்துக்காகக் கணக்கில் நுழையக்கூடாது என்பதை விதியாகவே கொள்ளலாம்.

தொகை வராதபோது

நிபந்தனைகள் நிறைவேறிய பின் சில வங்கிகள் பத்து நாள்களுக்குள்ளும், சில ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொண்டு தொகையை வரவு வைக்கின்றன. குறித்த கெடு கடந்தும் வராவிட்டால், முதலில் செயலியின் உரையாடல் வழியே கேட்டு, பதில் மறுப்பாக இருந்தால் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதன்பின் முறையான புகார் என்ற சொல்லையே பயன்படுத்தி எழுதினால், வங்கி அதைப் புகாராகப் பதிவு செய்து, பொதுவாக எட்டு வாரங்களுக்குள் இறுதிப் பதில் தரக் கடமைப்பட்டது. பதில் நிறைவளிக்காவிட்டாலோ, எட்டு வாரங்கள் கடந்தாலோ, நிதிக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம்; இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முறையிட வேண்டும். விண்ணப்ப நாளில் சேமித்த நிபந்தனைப் பக்கம், மாற்றம் நிறைவேறியதை அறிவிக்கும் மின்னஞ்சல், வரவையும் டைரக்ட் டெபிட்டுகளையும் காட்டும் கூற்றறிக்கை ஆகிய மூன்றையும் முறையீட்டோடு இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர் மொழிபெயர்ப்பு உதவி வேண்டும் என்று அச்சேவையிடமே கேட்கலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தம் சார்பில் பேச எழுத்துமூலம் அனுமதிக்கவும் அங்கே வழியுண்டு.